நீலமாகவே நின்றுவிட்டதே!

வாசகர் கேள்வி பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஆய்வக மேசையிலிருந்து எழுதப்பட்டவை. மாவுச்சத்து, சர்க்கரை, புரதம், கொழுப்பு, நியூக்ளிக் அமிலம் ஆகியவற்றைக் கண்டறியும் நிறச் சோதனைகளும், அவை காலை வாரிவிடும் இடங்களும்தான் விஷயம். ஒரே சாயலில் இருந்த கேள்விகளைச் சேர்த்துப் பதில் தந்திருக்கிறோம்.

கே: சுக்ரோஸ் கரைசலில், சர்க்கரையைக் கண்டறியும் நீலத் தாமிரக் கரைசலான பெனடிக்ட் கரைசலை ஊற்றிக் கொதிக்க வைத்தேன். நீலம் மாறவில்லை. "முதலில் அமிலம் விட்டுக் கொதிக்க வை, பிறகு மாறும்" என்றார்கள். அதையும் செய்தேன். அப்போதும் நீலம்தான். எங்கே தவறு?

ப: முதல் நீலம் சரி. தவறு இரண்டாவது நீலத்தில் இருக்கிறது.

பெனடிக்ட் கரைசல் தேடுவது இனிப்பை அல்ல, தாமிரத்துக்கு எலக்ட்ரானை விட்டுக்கொடுக்கும் முனை ஒன்றை. குளுக்கோஸின் வளையம் அவ்வப்போது திறந்து தன் அல்டிஹைடு முனையைக் காட்டும். காரத்தில், கொதி வெப்பத்தில், அந்த முனை நீல நிறக் குப்ரிக் அயனியைக் குப்ரஸ் ஆக ஒடுக்கி, செங்கல் நிறக் குப்ரஸ் ஆக்சைடாக வீழ்படிய வைக்கும். சுக்ரோஸில் குளுக்கோஸின் முனையும் ஃபிரக்டோஸின் முனையும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு பிணைந்திருக்கின்றன. திறக்க முனையே இல்லை. ஆகவே ஒடுக்கமும் இல்லை.

அமிலம் அந்தப் பிணைப்பை வெட்டுகிறது. பெரும்பாலானவர்கள் அதற்கு அடுத்த படியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். பெனடிக்ட் கரைசல் வேலை செய்யக் காரம் வேண்டும். 2 மி.லி. கரைசலில் இருக்கும் சோடியம் கார்பனேட் 0.2 கிராம்தான். நீங்கள் மிச்சம் வைத்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் அதைத் தின்றுவிட்டால், சர்க்கரை முழுவதும் உடைந்திருந்தாலும் தாமிரம் அசையாது. பெனடிக்ட்டை ஊற்றியதும் நுரை பொங்கியதா என்று யோசித்துப் பாருங்கள். பொங்கியிருந்தால் குற்றவாளி அதுவே.

இப்படிச் செய்யுங்கள். 1 சதவீத சுக்ரோஸ் கரைசல் 2 மி.லி. எடுத்து, அதில் ஒரு மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 5 முதல் 10 துளிகள் விடுங்கள். கொதிநீரில் 5 நிமிடம் வைத்து, எடுத்து ஆறவிடுங்கள். சோடியம் பைகார்பனேட் தூளைச் சிட்டிகை சிட்டிகையாகப் போடுங்கள். நுரை அடங்கும்வரை போட வேண்டும். ஒரேயடியாகக் கொட்டினால் பாதிக் கரைசல் குழாய்க்கு வெளியே இருக்கும். லிட்மஸ் தாள் சிவக்கவில்லை என்று உறுதி செய்தபின் 2 மி.லி. பெனடிக்ட் சேர்த்து மீண்டும் 5 நிமிடம் கொதிநீரில் வையுங்கள்.

பக்கத்தில் இன்னும் இரண்டு குழாய்கள் வேண்டும். ஒன்றில் அமிலம் படாத அதே சுக்ரோஸ். இன்னொன்றில் தண்ணீருடன் அமிலமும் பைகார்பனேட்டும். முதல் குழாய் நீலமாக நிற்காவிட்டால் உங்கள் சுக்ரோஸிலேயே குளுக்கோஸ் கலந்திருக்கிறது. இரண்டாவது நீலமாக நிற்காவிட்டால் குழாய் சரியாகக் கழுவப்படவில்லை.

கே: பெனடிக்ட் கரைசலைப் பொடிகளிலிருந்து தயாரிக்கும் அளவு என்ன? ஒருமுறை கலக்கியபோது அடியில் வெளிர்நீல மண் போல் படிந்துவிட்டது.

ப: ஒரு லிட்டருக்கு: சோடியம் சிட்ரேட் 173 கிராம், நீரற்ற சோடியம் கார்பனேட் 100 கிராம், படிகக் காப்பர் சல்பேட், அதாவது மயில்துத்தம், 17.3 கிராம். சிட்ரேட்டையும் கார்பனேட்டையும் 800 மி.லி. வெந்நீரில் ஒன்றாகக் கரைத்துக்கொள்ளுங்கள். காப்பர் சல்பேட்டைத் தனியாக 100 மி.லி. நீரில் கரையுங்கள். பிறகு தாமிரக் கரைசலை முதல் கரைசலுக்குள் மெதுவாக, கலக்கிக்கொண்டே ஊற்றி, 1 லிட்டருக்கு நிரப்புங்கள்.

நீங்கள் பார்த்த வெளிர்நீல மண் தாமிரக் கார்பனேட். சிட்ரேட் முழுதும் கரைவதற்கு முன்பே தாமிரத்தைச் சேர்த்தாலும், சிட்ரேட்டைக் குறைவாக எடுத்தாலும் இது வரும். தாமிர அயனியைக் கையில் பிடித்துவைத்துக் கார்பனேட்டிடம் சிக்காமல் காப்பது சிட்ரேட்தான். இதே சோதனைக்கான பழைய கரைசலான ஃபெலிங் கரைசலில் அந்த வேலையை டார்ட்ரேட் செய்கிறது. ஆனால் அங்கே காரம் எரிசோடா (சோடியம் ஹைட்ராக்சைடு) என்பதால் கலந்து வைத்தால் கெட்டுவிடும், இரண்டு புட்டிகளாக வைத்துக்கொண்டு சோதனையின்போதுதான் கலக்க வேண்டும். பெனடிக்ட் ஒரே புட்டியில் மாதக்கணக்கில் நிற்கும். அது ஃபெலிங்கை ஓரங்கட்டியதற்கு இந்தச் சௌகரியம் பெரிய காரணம்.

கார்பனேட் நீரேறிய படிகமாக இருந்தால் 100 கிராம் போதாது. பத்து நீர் மூலக்கூறு கொண்ட வகையானால் சுமார் 270 கிராம் வேண்டும். புட்டியின் ஒட்டுச்சீட்டைப் படித்துவிட்டு நிறுங்கள்.

கே: பழச்சாறு எதை எடுத்தாலும் செங்கல் சிவப்புதான் வருகிறது. எதில் சர்க்கரை அதிகம் என்று எப்படிச் சொல்வது?

ப: நீர்த்தால் சொல்லலாம். நீர்க்காமல் முடியாது.

பெனடிக்ட்டின் நிற வரிசை பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, செங்கல் சிவப்பு என்று போகும். உண்மையில் பச்சை என்று தனி நிறம் அங்கே உருவாவதில்லை. மிச்சமிருக்கும் நீலத் தாமிரமும் கொஞ்சம் விழுந்த மஞ்சள் வீழ்படிவும் சேர்ந்து கண்ணுக்குப் பச்சையாகத் தெரிகின்றன. வழக்கமான அளவு, 5 மி.லி. கரைசலுக்கு 8 துளி மாதிரி, அதாவது ஏறக்குறைய அரை மி.லி. அந்த 5 மி.லி.யில் உள்ள தாமிரம் சுமார் 10 மில்லிகிராம் குளுக்கோஸோடு தீர்ந்துபோகும். அரை மி.லி.யில் 10 மில்லிகிராம் என்றால் 2 சதவீதக் கரைசல். அதற்கு மேல் 5 சதவீதமானாலும் 15 சதவீதமானாலும் ஒரே சிவப்புதான், ஏனென்றால் ஒடுக்கத் தாமிரம் பாக்கியில்லை. பழச்சாறுகள் பலவற்றில் சர்க்கரை 10 சதவீதத்தை ஒட்டியே இருக்கும்.

எனவே 1 மி.லி. சாற்றை 20 மி.லி.யாக நீர்த்துத் தொடங்குங்கள். கூடவே 0.1, 0.25, 0.5, 1, 2 சதவீதக் குளுக்கோஸ் கரைசல்களைத் தயாரித்து, எல்லாக் குழாய்களையும் ஒரே கொதிநீரில், ஒரே நேரத்தில் வைத்து எடுத்து ஒப்பிடுங்கள். பாடநூலில் அச்சிட்ட வண்ணப்படத்தோடு ஒப்பிடுவதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். அச்சு மையின் ஆரஞ்சு வேறு, வீழ்படிவின் ஆரஞ்சு வேறு.

இரண்டு எச்சரிக்கைகள். பழச்சாற்றில் சுக்ரோஸும் இருக்கும். அது இந்தக் கணக்கில் வராது. வைட்டமின் சி வந்துவிடும், வரக்கூடாதபோதிலும். அஸ்கார்பிக் அமிலம் தாமிரத்தை நன்றாகவே ஒடுக்கும், சூடேற்றும் முன்பே நிறம் மாறத் தொடங்கினால் அதைச் சந்தேகப்படுங்கள். வேடிக்கை என்னவென்றால், குளுக்கோஸ் ஆக்சிடேஸ் நொதி பூசிய சோதனைப் பட்டையில் அதே வைட்டமின் சி நேர்மாறாக ஏமாற்றும். நிறம் தர வேண்டிய ஹைட்ரஜன் பெராக்சைடை அது அழித்துவிடுவதால், குளுக்கோஸ் இருந்தும் இல்லை என்று பட்டை காட்டும். ஒரே மாதிரியில் பெனடிக்ட் 'உண்டு' என்றும் பட்டை 'இல்லை' என்றும் சொன்னால் இதையும் நினைத்துப் பாருங்கள்.

கே: ஃபிரக்டோஸ் ஒரு கீட்டோஸ். அல்டிஹைடு முனை கிடையாது. பெனடிக்ட்டில் ஏன் சிவக்கிறது?

ப: காரம் அதை உருமாற்றிவிடுகிறது. கார ஊடகத்தில் ஃபிரக்டோஸ் ஈனால் வடிவத்துக்குப் போய், அங்கிருந்து குளுக்கோஸாகவும் மன்னோஸாகவும் திரும்பும். குழாய்க்குள் போட்டது கீட்டோஸ், வினை புரியும்போது உள்ளே அல்டிஹைடு முனை கொண்ட சர்க்கரையும், அதாவது அல்டோஸும், இருக்கிறது.

கே: அயோடின் சோதனையில் உருளைக்கிழங்கு கருநீலமாகிறது. ஆனால் கொதிக்கும் கஞ்சியில் அயோடினை விட்டால் நிறமே வரவில்லை. ஒரு வகைச் சோள மாவு செம்பழுப்பாகத்தான் ஆனது. அயோடின் கெட்டுவிட்டதா?

ப: அயோடின் மேல் பழி வேண்டாம். இரண்டுமே மாவுச்சத்தின் கட்டமைப்பு சொல்லும் செய்திகள்.

மாவுச்சத்தில் இரண்டு வகைச் சங்கிலிகள் இருக்கின்றன. அமைலோஸ் கிளையில்லாதது என்றே சொல்லலாம். அது சுருள்கம்பி போல் சுருண்டு நிற்கும், ஒரு சுற்றுக்கு ஆறு குளுக்கோஸ் அலகுகள். அந்தச் சுருளின் உட்குழாயில் அயோடினும் அயோடைடும் சேர்ந்த சங்கிலி போய் அமரும்போதுதான் கருநீலம் பிறக்கிறது. கொதிக்கும் சூட்டில் சுருள் தளர்ந்து அயோடின் வெளியேறிவிடும், நிறமும் போய்விடும். உங்கள் குழாயைக் குளிர்ந்த நீரில் நிறுத்துங்கள். கொதிக்கக் கொதிக்க அயோடின் ஆவியாகிப் போயிருக்காவிட்டால் நீலம் திரும்பும். திரும்பாவிட்டால் ஆறியபின் ஒரு துளி சேர்த்துப் பாருங்கள்.

மற்றொன்று அமைலோபெக்டின், நிறையக் கிளை விட்ட சங்கிலி. கிளைகளுக்கு இடையே நேராக நீளும் பகுதி குட்டை, நீண்ட சுருள் அமையாது. அதனால் செவ்வூதாவோ செம்பழுப்போதான் கிடைக்கும். அமைலோஸ் ஏறக்குறைய இல்லாமலே விளையும் பசைச்சோள வகைகள் உண்டு. உங்களிடம் இருந்தது அநேகமாக அது. விலங்குகளின் கிளைக்கோஜன் இன்னும் அடர்த்தியாகக் கிளைத்தது, அதுவும் செம்பழுப்பே தரும்.

கரைசல் தயாரிக்கும் முறையையும் சொல்லிவிடுகிறோம், ஏனென்றால் 'அயோடின் தண்ணீரில் கரையவே இல்லை' என்றும் இரண்டு கடிதங்கள் வந்தன. வெறும் தண்ணீரில் அது சரியாகக் கரையாதுதான். 2 கிராம் பொட்டாசியம் அயோடைடை முதலில் 10 மி.லி. நீரில் கரையுங்கள். அந்த அடர்ந்த கரைசலில் 1 கிராம் அயோடின் படிகத்தைப் போட்டு முழுதும் கரையும்வரை கலக்குங்கள். பிறகுதான் 100 மி.லி.க்கு நிரப்ப வேண்டும். அவசரப்பட்டு முதலிலேயே நீரை நிரப்பினால் படிகம் அடியில் கிடந்து மணிக்கணக்கில் கழுத்தறுக்கும். பழுப்புக் கண்ணாடிப் புட்டியில் வையுங்கள். சோதனைக்கு இதில் 1 பங்குக்கு 4 பங்கு நீர் சேர்த்தால் போதும். அடர்கரைசலையே ஊற்றினால் அதன் சொந்தப் பழுப்பு, மெல்லிய நிறங்களையெல்லாம் மறைத்துவிடும்.

அயோடின் உண்மையிலேயே தோற்கும் இடங்கள் இரண்டு. மாதிரியில் எரிசோடா போன்ற காரம் இருந்தால் அயோடின் வேறு சேர்மங்களாக மாறிவிடும். வைட்டமின் சி இருந்தால் அது அயோடினை அயோடைடாக ஒடுக்கிவிடும். துளி விழுந்த இடத்தில் நீலம் தோன்றி மறைந்தால் இன்னும் சில துளிகள் விட்டுப் பாருங்கள், ஒரு கட்டத்தில் நிலைக்கும்.

கே: செல்லுலோஸும் குளுக்கோஸ் சங்கிலிதானே? அயோடினும் பெனடிக்ட்டும் ஏன் அதைக் கண்டுகொள்வதில்லை?

ப: பீட்டா பிணைப்பு சங்கிலியை நேராக நீட்டி வைக்கிறது, சுருள் இல்லை, ஆகவே அயோடினுக்கு இருக்கை இல்லை. பெனடிக்ட் விஷயத்தில் மாவுச்சத்துக்கும் இதே கதி. ஆயிரக்கணக்கான அலகுகளுக்கு ஒடுக்கும் முனை ஒன்றே ஒன்று. இருக்கிறது, ஆனால் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வினை நடக்காது.

கே: ஐந்து வெள்ளைப் பொடிகள்: குளுக்கோஸ், ஃபிரக்டோஸ், மால்டோஸ், சுக்ரோஸ், ஸ்டார்ச் (மாவுச்சத்து). ஒட்டுச்சீட்டு இல்லை. செய்முறைத் தேர்வில் எந்த வரிசையில் சோதித்தால் நேரம் மிச்சம்?

ப: சோதனைக்கு முன் தண்ணீரே ஒரு பொடியைக் காட்டிக்கொடுக்கும். குளிர்ந்த நீரில் கலங்கி அடியில் படிவது ஸ்டார்ச். ஒரு துளி அயோடினால் உறுதி செய்து ஒதுக்கிவிடுங்கள். மற்ற நான்கையும் 1 சதவீதக் கரைசலாக்கி பெனடிக்ட் செய்தால் நீலமாக நிற்பது சுக்ரோஸ்.

மிஞ்சுவது மூன்று. இப்போது பார்ஃபோயட் கரைசல். இதிலும் தாமிரம்தான், ஆனால் காரத்துக்குப் பதில் மெலிந்த அசிட்டிக் அமிலம். அமில ஊடகத்தில் தாமிரத்தை ஒடுக்குவது கடினம் என்பதால் ஒற்றைச் சர்க்கரைகள் முந்திக்கொள்ளும், இரட்டைச் சர்க்கரைகள் பின்தங்கும். 2 மி.லி. கரைசலுக்கு 1 மி.லி. மாதிரி, கொதிநீரில் மூன்று நிமிடம். கடிகாரத்தை வைத்துக்கொண்டு செய்ய வேண்டிய சோதனை இது. பத்து நிமிடம் விட்டால் அந்த அமிலமே மால்டோஸை உடைத்து எல்லாவற்றையும் 'ஒற்றைச் சர்க்கரை' ஆக்கிவிடும். மாதிரி அடர்த்தியாக இருந்தாலும் இதே குழப்பம் வரும். பெனடிக்ட் போலக் குழாய் முழுதும் சிவக்கும் என்று காத்திருக்காதீர்கள். கரைசல் நீலமாகவே இருக்கும், அடியில் மெல்லிய செந்தூள் மட்டும் படியும். குழாயைச் சாய்த்து அடியைப் பாருங்கள். செந்தூள் இல்லாதது மால்டோஸ். இன்னொன்று: குளோரைடு அயனி இந்தச் சோதனையைக் கெடுக்கும், எனவே ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் உடைத்த மாதிரியை இதில் போடாதீர்கள்.

கடைசி இரண்டில் ஃபிரக்டோஸைப் பிரிக்க செலிவனாஃப் கரைசல், அதாவது ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்த ரெசார்சினால். 3 மி.லி. கரைசலுக்கு அரை மி.லி. மாதிரி. கொதிநீரில் ஒன்றிரண்டு நிமிடத்துக்குள் செர்ரிச் சிவப்பு வந்தால் கீட்டோஸ். குளுக்கோஸும் நீண்ட நேரம் கொதித்தால் இளஞ்சிவப்பாகும், அதை எண்ணிக்கையில் சேர்க்கக் கூடாது. சுக்ரோஸும் இதில் சிவக்கும், அமிலம் அதை உடைத்து ஃபிரக்டோஸை விடுவிப்பதால். அதனால்தான் பெனடிக்ட்டை முன்னால் வைத்தோம்.

மோலிஷ் சோதனையை ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். ஆல்ஃபா நாஃப்தாலும் அடர் கந்தக அமிலமும் சேர்ந்து தரும் ஊதா வளையம் ஐந்துக்குமே வரும். 'கார்போஹைட்ரேட்டா இல்லையா' என்ற கேள்விக்கு அது நல்ல பதில், 'எந்தச் சர்க்கரை' என்பதற்கு அல்ல. சர்க்கரையும் ஃபீனைல்ஹைட்ரசினும் சேர்ந்து தரும் ஒசசோன் படிகங்களும் இங்கே உதவாது: குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் ஒரே ஒசசோனைத் தரும், இரண்டும் வேறுபடும் முதல் இரண்டு கார்பன்களையும் ஃபீனைல்ஹைட்ரசின் ஒன்றுபோல் ஆக்கிவிடுவதால். மால்டோஸையும் லாக்டோஸையும் பிரிக்க வேண்டி வந்தால் மட்டும் அது கைகொடுக்கும். மால்டோஸின் படிகங்கள் சூரியகாந்திப் பூ போலவும் லாக்டோஸின் படிகங்கள் முள் சிலிர்த்த பந்து போலவும் நுண்ணோக்கியில் தெரியும். ஃபீனைல்ஹைட்ரசின் நச்சு, கையுறை இல்லாமல் தொடாதீர்கள்.

கே: முட்டை வெள்ளைக்கருவில், புரதத்துக்கான பையூரெட் சோதனையைச் செய்தேன். ஊதாவுக்குப் பதில் நீலக் கட்டி கட்டியாக வந்தது. முட்டையில் புரதம் இல்லை என்று எழுதிக் கொடுக்க முடியுமா?

ப: முடியாது. தாமிரத்தை அள்ளி ஊற்றியிருக்கிறீர்கள்.

காரத்தில் அதிகத் தாமிரம் விழுந்தால் நீலத் தாமிர ஹைட்ராக்சைடு கட்டியாகத் திரளும். அது ஊதாவை முழுதாக மூடிவிடும். 2 மி.லி. மாதிரிக்கு 1 சதவீதக் காப்பர் சல்பேட் இரண்டு அல்லது மூன்று துளிகள் மட்டுமே. மி.லி. அல்ல, துளி. வரிசையும் முக்கியம்: முதலில் மாதிரி, பிறகு 10 சதவீத எரிசோடா 2 மி.லி., குலுக்கிக் கலந்தபின் தாமிரத் துளிகள். தாமிரத்தை முந்தவிட்டால் அது புரதத்தையே திரிய வைக்கலாம்.

வெள்ளைக்கருவை அப்படியே எடுக்காதீர்கள், குழாயில் கோழை போல் இழுபடும். 1 பங்குக்கு 9 பங்கு நீர்க்கலாம். வெறும் தண்ணீர் சேர்த்தால் வெண்மையாகக் கலங்கும், உப்பில்லாத நீரில் கரையாத குளோபுலின் வகைப் புரதங்கள் அதில் இருப்பதே காரணம். 0.9 சதவீத உப்பு நீரைச் சேர்த்தால் பெரும்பாலும் தெளிந்திருக்கும்.

சூடேற்ற வேண்டாம். பெனடிக்ட் செய்த கை பழக்கதோஷத்தில் இதையும் கொதிநீரில் நிறுத்திவிடுகிறது. மாதிரியில் குளுக்கோஸ் இருந்தால் காரமும் தாமிரமும் வெப்பமும் சேர்ந்து அங்கே ஒரு சர்க்கரைச் சோதனை நடந்துவிடும். அறை வெப்பத்தில் ஐந்து நிமிடம் வைத்து, குழாயின் பின்னால் வெள்ளைத்தாளைப் பிடித்து, தண்ணீர் வைத்துச் செய்த குழாயோடு ஒப்பிடுங்கள். 1 மி.லி.யில் 1 மில்லிகிராமுக்கும் குறைவான புரதத்தைக் கண்ணால் பிடிப்பது சிரமம். பாலில் வரும் நிறம் வெளிறிய ஊதா, கொழுப்பின் வெண்மை அதை இன்னும் வெளிற வைக்கும்.

இந்தச் சோதனை பிடிப்பது அமினோ அமிலங்களைக் கோத்துவைக்கும் பெப்டைடு பிணைப்பை. குறைந்தது இரண்டு பிணைப்புகள் வேண்டும். எனவே தனி அமினோ அமிலங்கள் பொதுவாக நிறம் தராது. அம்மோனியம் உப்புக் கலந்த மாதிரியில் அடர்நீலம் வரும், அது அம்மோனியா தாமிரத்தோடு சேர்ந்து தரும் நிறம். அம்மோனியம் சல்பேட்டால் புரதத்தை வீழ்த்திப் பிரித்தவர்கள் முதலில் உப்பை நீக்கிவிட்டே இதற்கு வர வேண்டும்.

பெயர்க் குழப்பம் ஒன்றையும் தீர்த்துவிடலாம். பையூரெட் கரைசலில் பையூரெட் கிடையாது. யூரியாவைச் சூடேற்றினால் கிடைக்கும் சேர்மம் பையூரெட். அதுவும் காரத்தில் தாமிரத்தோடு இதே ஊதாவைத் தருவதால் சோதனைக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

கே: புரதப் பொடியில் புரதம் எவ்வளவு என்று ஒட்டுச்சீட்டில் போட்டிருக்கிறார்கள். அந்த எண்ணை நம்பலாமா? பையூரெட்டால் சரிபார்க்க முடியுமா?

ப: அந்த எண் பெரும்பாலும் புரதத்தை நேரே அளந்து வந்ததல்ல, நைட்ரஜனை அளந்து வந்தது. 1883-இல் யோஹான் கெல்டால் தந்த முறை. மாதிரியை அடர் கந்தக அமிலத்தில் செரிக்கவைத்து, நைட்ரஜனை அம்மோனியாவாக்கி அளந்து, 6.25-ஆல் பெருக்குவார்கள். புரதத்தில் சராசரியாக 16 சதவீதம் நைட்ரஜன் என்ற கணக்கு. பாலுக்கு 6.38 என்ற பெருக்கெண்ணைப் பயன்படுத்துவார்கள்.

நைட்ரஜன் எங்கிருந்து வந்தது என்று இந்த முறை கேட்காது. மெலமின் என்ற சேர்மத்தின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன். 2008-இல் சீனாவில் நீர்த்த பாலில் அதைக் கலந்து புரத அளவை ஏற்றிக் காட்டியது அம்பலமாகி, குழந்தைகள் சிறுநீரகக் கல்லாலும் அதன் விளைவுகளாலும் பாதிக்கப்பட்டது உலகறிந்த செய்தி. பையூரெட்டுக்கு மெலமின் புரதமாகத் தெரியாது, அதில் பெப்டைடு பிணைப்பு இல்லை.

ஆகவே சரிபார்க்கலாம். மலிவான அமினோ அமிலத்தைக் கலந்து நைட்ரஜனைக் கூட்டியிருந்தாலும் பையூரெட் ஏமாறாது. அளவு வேண்டுமென்றால் டார்ட்ரேட் சேர்த்த பையூரெட் கரைசல், 540 நானோமீட்டரில் நிறமானி, ஒப்பிட அளவறிந்த ஆல்புமின் கரைசல் வரிசை ஆகியவை தேவை. கலங்கலான மாதிரியை மைய விலக்கியில் சுழற்றித் தெளிய வையுங்கள், இல்லையேல் கலங்கலையும் புரதம் என்று கருவி எண்ணிக்கொள்ளும். நின்ஹைட்ரின் இங்கே பொருந்தாது. அது புரதத்துக்கும் தனி அமினோ அமிலத்துக்கும் சேர்ந்தே ஊதா தரும், புரோலினுக்கு மஞ்சள்.

கே: கொழுப்புக்கான எத்தனால் சோதனையில் கோதுமை மாவும் பால் போல் வெளுத்தது. மாவில் அவ்வளவு கொழுப்பா? கூடவே ஒரு சந்தேகம்: கொழுப்பைப் பெருமூலக்கூறு என்று சொல்லலாமா?

ப: மாவுத்துகளையே சேர்த்து ஊற்றியிருக்கிறீர்கள். 1 கிராம் மாதிரியை உலர்ந்த குழாயில் 5 மி.லி. 96 சதவீத எத்தனாலோடு இரண்டு நிமிடம் குலுக்கியபின், திடப்பொருள் முழுதும் அடியில் படியும்வரை காத்திருங்கள். அவசரமென்றால் வடிதாளில் வடியுங்கள். மேலே நிற்கும் தெளிந்த எத்தனாலை மட்டும் 5 மி.லி. குளிர்ந்த நீருக்குள் ஊற்ற வேண்டும். எத்தனாலில் கரைந்த கொழுப்பு, நீர் சேர்ந்ததும் கரைய இடமின்றி நுண்துளிகளாகச் சிதறி வெண்மையாகத் தெரியும். குழாய் ஈரமாக இருந்தாலோ எத்தனால் நீர்த்திருந்தாலோ முதல் படியிலேயே கொழுப்பு கரையாது, பிறகு வெண்மை எப்படி வரும்?

சரியாகச் செய்தாலும் இந்த வெண்மை 'எத்தனாலில் கரையும், நீரில் கரையாது' என்பதை மட்டுமே சொல்கிறது. நறுமண எண்ணெய்களும் பிசின்களும் இதே வெண்மையைத் தரும். சந்தேகமிருந்தால் ஒரு துளியைத் தாளில் விட்டு வெதுவெதுப்பான இடத்தில் வையுங்கள். ஆவியாகும் எண்ணெயின் கறை போய்விடும், கொழுப்பின் ஒளி ஊடுருவும் கறை நிற்கும். எத்தனால் இருக்கும் மேசையில் விளக்கு எரியக் கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டுமா?

இரண்டாம் கேள்விக்கு: கண்டிப்பாகச் சொன்னால் இல்லை. ஒரு கொழுப்பு மூலக்கூறு என்பது ஒரு கிளிசராலும் மூன்று கொழுப்பமிலங்களும். ஒரே அலகு திரும்பத் திரும்பக் கோத்த சங்கிலி அல்ல, மூலக்கூறு எடையும் ஆயிரத்தை ஒட்டியே நிற்கும். புரதமும் ஸ்டார்ச்சும் பல ஆயிரம், பல லட்சம் என்று போகும்போது இதை அந்தப் பந்தியில் உட்காரவைப்பது ஒரு பாடத்திட்ட வசதி.

கே: பழத்தைக் கூழாக்கி, சோப்புநீரும் உப்பும் சேர்த்து, வடிகட்டி, குளிர்ந்த எத்தனால் ஊற்றினால் வெள்ளை நூலாக மிதப்பது டி.என்.ஏ. என்கிறார்கள். எப்படி உறுதி செய்வது?

ப: நல்ல சந்தேகம். அந்த வெள்ளைத் திரளில் டி.என்.ஏ. இருக்கிறது, ஆனால் அது மட்டும் இல்லை. பழத்தில் ஏராளமாக உள்ள பெக்டினும் எத்தனாலில் இதேபோல் திரளும். கூடவே ஆர்.என்.ஏ.வும் கொஞ்சம் புரதமும். கட்டியாக, குமிழி சிக்கிய கூழாக மிதப்பது அநேகமாகப் பெக்டின். கண்ணாடிக் குச்சியில் சுற்றினால் இழையாக ஒட்டி வருவதில்தான் டி.என்.ஏ.வை எதிர்பார்க்கலாம், அதுவும் நிரூபணம் அல்ல.

நிரூபிக்க டைஃபீனைலமின் சோதனை. 1 கிராம் டைஃபீனைலமினை 100 மி.லி. அடர் அசிட்டிக் அமிலத்தில் கரைத்து, அதில் 2.5 மி.லி. அடர் கந்தக அமிலம் சேர்த்த கரைசல் இது. இழையை 1 மி.லி. நீரில் கரைத்து, 2 மி.லி. இந்தக் கரைசலைச் சேர்த்து, கொதிநீரில் 10 நிமிடம் வைத்தால், டி.என்.ஏ.வின் டீஆக்சிரைபோஸ் நீலம் தரும். ஆர்.என்.ஏ. இந்த நீலத்தைத் தராது, அதற்கு ஆர்சினால் கரைசலில் பச்சை வரும். இரண்டு குழாய்கள் துணைக்கு வையுங்கள்: ஒன்றில் வெறும் நீர், மற்றதில் கடையில் வாங்கிய பெக்டின் தூளின் கரைசல். வினைப்பொருள் முழுக்க அடர் அமிலம் என்பதால் புகைபோக்கிப் பெட்டிக்குள், கண்ணாடியும் கையுறையும் அணிந்து, பொறுப்பானவர் ஒருவர் பக்கத்தில் இருக்க மட்டுமே செய்ய வேண்டும். வீட்டுச் சமையலறை இதற்கான இடமல்ல.

பெக்டின் தொல்லையே வேண்டாமென்றால் பழத்தை விட்டுவிட்டு ஈஸ்ட்டையோ முளைவிட்ட கோதுமைக் கருவையோ எடுங்கள். பார்க்க அவ்வளவு பகட்டாக இருக்காது, ஆனால் குச்சியில் சுற்றுவது எது என்று தெரிந்திருக்கும்.

கே: நைட்ரிக் அமிலம் பட்டு விரலில் மஞ்சள் கறை. கழுவியும் போகவில்லை. என்ன செய்வது?

ப: உங்கள் தோலில் சாந்தோபுரோட்டிக் என்ற புரதச் சோதனை வெற்றிகரமாக நடந்திருக்கிறது. தோல் புரதத்திலுள்ள டைரோசின், டிரிப்டோபேன் ஆகியவற்றின் வளையங்களில் நைட்ரோ தொகுதி ஏறியதால் வந்த மஞ்சள் அது. எதைத் தேய்த்தாலும் போகாது, தோல் உரியும்போது தானே போகும். காரம் தடவிப் பார்க்காதீர்கள்: ஆரஞ்சாக மாறும், அவ்வளவுதான், கூடவே புண்ணாகும். அமிலம் பட்டவுடன் ஓடும் நீரில் நீண்ட நேரம் கழுவுவதே முதலுதவி. எரிச்சலோ கொப்புளமோ இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.